லிஸியின் கேள்வி

ஆரியங்கோடு, பாறசாலை பக்கமிருந்து நகரம் வந்தோர் அவசியம் வாசிக்கவேண்டிய இரு நூல்களை அண்மையில் வாசித்தேன். மிஷனரி சாமுவேல் மேட்டீர் 1871இல் வெளியிட்ட ‘தி லேண்ட் ஆஃப் சாரிட்டி’ பழைய திருவிதாங்கூரைக் காட்டுகிறது. பெயரில் தர்மம், உள்ளே சாதிக்கொடுமை! சாணார் பெண்கள் அனைவரும் குப்பாயம் அணிய 1859இல்தான் அரசு இசைந்தது.

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) நாவலோ என்னை உறங்கவிடவில்லை. லிஸி கிறிஸ்தவப் பெண். பனையேறியின் மகன் தங்கராஜை நேசிக்கிறாள். பனை உடைய வீட்டார் பனையேறும் வீட்டிற்குப் பெண் கொடுக்க எளிதில் மனமிரங்கவில்லை. மேலோரிடம் உரிமை கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளே தங்களுக்குள் உயர்வு தாழ்வு பார்க்கின்றனர். நம் சபைகளில் வரன் தேடுவோர் முதலில் விசாரிப்பது எதை?

நாவலின் தென்திருவிதாங்கூர்ப் பேச்சு நகரத்துப் பிள்ளைகளுக்குக் கடினமாயிருக்கும். உரக்க வாசித்துக் காட்டுங்கள்.