யூரின் டியூப்: மரத்துப்போகும் வரை பொறுத்தால் வலி குறையும்

சிறுநீர் அடைத்துக்கொண்டவர்களுக்கும், பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் சிறுநீர்ப்பைக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்துவார்கள். மருத்துவமனை வழக்கில் இது ‘யூரின் டியூப் போடுவது’. நுனியருகே சிறு பலூன் கொண்ட ஃபோலி கதீட்டர்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலி 1930களில் உருவாக்கியது இது.

குழாயைச் செலுத்தும்போது எழும் வலி ஆண்களுக்கே அதிகம். பெண்களின் சிறுநீர்வழி சுமார் 4 சென்டிமீட்டர் நீளமுள்ள நேர்வழி. ஆண்களுக்கோ சுமார் 20 சென்டிமீட்டர். நடுவே வளைவுகள், சிறுநீரை அடக்கும் சுருக்குத் தசை, அதை ஒட்டிப் புராஸ்டேட் சுரப்பி. வயதானவர்களுக்கு அந்தச் சுரப்பி வீங்கி வழியை நெருக்கியிருக்கும். பயத்தில் உடல் இறுகும்போது சுருக்குத் தசையும் இறுகிக்கொள்வதால் குழாய் அங்கே முட்டுகிறது.

இந்த வலிக்கு மருந்து, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஜெல். 1943-இல் சுவீடன் வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரன் லிக்னோகெயினைக் கண்டறிந்தார். நரம்பு இழைகளுக்குள் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை இது அடைத்துவிடுவதால் வலிச் செய்தி மூளைக்குப் போவதில்லை. சிறுநீர்வழிக்கு 2 சதவீத ஜெல் பயன்படுகிறது.

ஜெல்லைக் குழாயின் நுனியில் மட்டும் தடவி உடனே செலுத்தினால் வழவழப்பு கிடைக்கும், மரத்துப்போகாது. பரபரப்பான வார்டுகளில் இந்த வேறுபாடு எளிதில் மறந்துபோகிறது. ஆண்களுக்குச் சுமார் 10 மில்லிலிட்டர் ஜெல்லை ஊசியில்லாத சிரிஞ்சால் சிறுநீர்வழிக்குள்ளேயே செலுத்தி, அது வெளியே வழியாதபடி ஆணுறுப்பின் நுனியை மெதுவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு குறைந்தது மூன்று முதல் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். ஜெல்லையும் அவசரமாக அழுத்தக் கூடாது. சிறுநீர்வழி திடீரென விரிந்தால் அதுவே எரிச்சல் தரும். குழாய் சுருக்குத் தசையை நெருங்கும்போது ஆழ்ந்து மூச்சு விடச் சொன்னால் தசை தளரும்.

பெண்களுக்கு இதைவிடக் குறைந்த அளவு ஜெல் போதும். வழி குட்டையானது என்பதால் அவர்களுக்கு வலிக்காது என்று எண்ணுவது தவறு. கைக்குழந்தைகளின் கதை வேறு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், சாதாரண வழவழப்பு ஜெல்லைவிட லிக்னோகெயின் ஜெல் கூடுதல் பலன் தரவில்லை. குழந்தைகளுக்கு எடைக்கேற்ற அளவைத் தாண்டுவது ஆபத்தும்கூட.

இந்த மருந்து ஒவ்வாதவர்களுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. சிறுநீர்வழியில் புண்ணோ காயமோ இருந்தால் மருந்து ரத்தத்தில் அதிகம் கலக்கும். அளவு மீறினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து, சிறுநீர்த் துவாரத்தில் ரத்தம் தெரிந்தால், சிறுநீர்வழி கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் குழாயே செலுத்தக் கூடாது.

குழாய் உள்ளே போனபின் பலூன் உறுத்துவதால் எழும் வலிக்கு இந்த ஜெல் உதவாது. அதற்கு வேறு மாத்திரைகள் உண்டு. ஆனால் செலுத்தும் நேரத்து வலியைப் பெருமளவு குறைக்க முடியும். மரக்கும் ஜெல் போடுவார்களா, அது வேலை செய்யும் வரை பொறுப்பார்களா என்று செவிலியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நோயாளி பேச இயலாத நிலையில் இருந்தால், உடனிருப்பவர் கேட்கட்டும்.