கீசர் போட்டா கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? 500 யூனிட் கணக்கை முதல்ல பாருங்க

கீசர் வாங்கும்போது நாம விலையைப் பார்ப்போம், எத்தனை ஸ்டார்னு பார்ப்போம். ஆனா தமிழ்நாட்டுல அதோட செலவை முடிவு பண்றது வேற ஒண்ணு: உங்க இ.பி. பில் இப்போ எந்த ஸ்லாப்ல இருக்கு?

ஒரு வாளி வெந்நீருக்கு எத்தனை யூனிட்?

20 லிட்டர் தண்ணியை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 0.35 யூனிட் ஆகும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரா இருந்தாலும், 15 லிட்டர் ஸ்டோரேஜா இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ரெண்டு பேர் தினமும் ஆளுக்கு ஒரு வாளின்னா, ரெண்டு மாசத்துக்கு 42 யூனிட். டேங்க்ல வீணாகுற சூட்டையும் சேர்த்து 50 யூனிட்னு வெச்சுக்கலாம். பாத்டப் ஆசை இருக்கா? 200 லிட்டர் வெந்நீருக்கு ஒரு தடவைக்கே 3.5 யூனிட்!

அதே 50 யூனிட், ரெண்டு வேற பில்

2024 ஜூலை கட்டணப்படி பார்க்கலாம்.

வீடு 1: இப்போ 350 யூனிட் ஓடுது. கீசரோட 400. கூடுதல் செலவு சுமார் 235 ரூபாய்தான்.

வீடு 2: ஏசி இருக்கு, 470 யூனிட் ஓடுது. கீசரோட 520. முதல் 30 யூனிட்டுக்கு சுமார் 190 ரூபாய். 500-ஐத் தாண்டுன 20 யூனிட்டுக்கு சுமார் 170. கதை இதோட முடியல. 500-ஐத் தாண்டினா, 101 முதல் 200 யூனிட் வரைக்கும் கிடைச்ச பாதி விலைச் சலுகை போயிடும். அதுல இன்னொரு 235. மொத்தம் 600 ரூபாயை நெருங்குது. அதாவது ஒரு யூனிட் கிட்டத்தட்ட 12 ரூபாய்!

வாடகை வீட்ல ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய்னு ஒரே ரேட் வாங்கினா கணக்கு சுலபம்: 400 ரூபாய்.

வயரிங் செலவை மறக்காதீங்க

2000 வாட்ஸ் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட்ஸ் 13 ஆம்பியர். அதனால சாதாரண 6 ஆம்பியர் பிளக்ல மாட்டவே கூடாது. எலக்ட்ரீஷியன்கிட்ட இதையெல்லாம் கேளுங்க:

- 16 ஆம்பியர் சாக்கெட், கீசருக்குன்னு தனி லைன்
- குறைஞ்சது 2.5 சதுர மி.மீ. காப்பர் வயர், 3000 வாட்ஸுக்கு 4 போட்டா நல்லது
- தனி எம்.சி.பி., சரியான எர்த்
- 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.

எம்.சி.பி. வயரைக் காப்பாத்தும். ஷாக்ல இருந்து ஆளைக் காப்பாத்துறது ஆர்.சி.சி.பி.தான். ஈரக் கையோட நிக்கிற இடம், இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. வாடகை வீடுன்னா, இந்தச் செலவு யாரோடதுன்னு ஓனர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க.

பில்லைக் குறைக்க 3 வழி

1. குளிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி போட்டு, முடிஞ்சதும் ஆஃப் பண்ணுங்க. நாள் முழுக்க ஆன்ல இருந்தா, ஆறின தண்ணியையே திரும்பத் திரும்பச் சூடாக்கும்.
2. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் உடனே குளிங்க.
3. சென்னை வெயில் காலத்துல கீசரை மறந்துடுங்க. ஏசி ஓடுற அந்த மாசங்கள்லதான் 500-ஐத் தாண்டுற ஆபத்து அதிகம்.

இன்னைக்கே உங்க கடைசி பில்லை எடுத்து, அதுல 50 யூனிட்டைக் கூட்டிப் பாருங்க. 500-க்குள்ள இருந்தா தைரியமா வாங்கலாம். தாண்டுதுன்னா, கீசருக்கு முன்னாடி ஏசி டைமரைக் கவனிங்க. உங்க கணக்கு என்ன வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க!