சகாய விலைக் கணிப்பொறிச் சரக்கு

ரயில்வே சரக்கு ரசீதுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு வாசகம் உண்டு. உள்ளே இருப்பதை ரயில்வே சிப்பந்தி எண்ணிச் சரிபார்க்காத சரக்காயின், ரசீதில் 'இன்னது இருப்பதாகக் கூறப்படுகிறது' என்ற பொருள்படும் சொற்களை எழுதிக் கொடுப்பது வழக்கம். மூட்டையின் மேல் வெங்காயம் என்று எழுதியிருந்தால், வெங்காயம் என்று அனுப்பியவர் சொல்கிறார் என்பதே அதன் பொருள். அதற்கு மேல் யாரும் சாட்சி சொல்லவில்லை.

பார்சல் பகுதியில் குமாஸ்தாவாகப் பல்லாண்டு இவ்வாசகத்தோடு பழகிய நாமே ஏமாந்தோம் என்று எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இதே கதை நடந்திருப்பதால், வெட்கத்தைப் பாராமல் எழுதுகிறோம்.

நம் தந்தையார் விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து பாறசாலைக்குக் குடிவந்தவர். இறப்பதற்கு முந்திய இரண்டாண்டுகளில் பேரப்பிள்ளைகளுக்கு அவர் சொன்ன கதைகளைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தோம். ஷார்ஜாவில் இருக்கும் தங்கை அவற்றின் பிரதி கேட்டாள். அச்சமயம் கைப்பேசித் திரையில் ஒரு விளம்பரம் வந்தது. இரண்டு டெராபைட் பென்டிரைவ். 3,999 ரூபாய் என்பது அடிக்கப்பட்டு, 449 ரூபாய் என்று போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு கடிகாரம் நிமிஷங்களைக் குறைத்துக்கொண்டே வந்தது. வாங்கிவிட்டோம். வீட்டிலிருந்த மூன்று கைப்பேசிகளிலும் உள்ள படங்களையும் பதிவுகளையும் ஒவ்வொன்றாக அதில் ஏற்றினோம். தந்தையாரின் கைப்பேசியைக் கடைசியில் ஏற்றினோம். பிறகு, இடம் வேண்டுமே என்று கைப்பேசிகளில் இருந்தவற்றை அழித்தும் விட்டோம்.

ஐந்து மாதம் கழித்துத் தங்கை விடுமுறையில் வந்தாள். பென்டிரைவைச் செருகினோம். முதலில் ஏற்றிய படங்கள் திறந்தன. தந்தையாரின் பதிவுகளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. "அண்ணா, பெயரெல்லாம் வரிசையாக இருக்கிறது, அப்பா குரல்தான் இல்லை" என்றாள். அந்த விற்பனைப் பக்கத்தைத் தேடினோம். அது இல்லை.

என்ன நடந்தது என்பதைக் கற்றறிய நமக்குச் சில வாரங்கள் பிடித்தன. பென்டிரைவுக்குள் இரண்டு முக்கிய உறுப்புகள் உண்டு. ஒன்று விவரங்களைச் சேமிக்கும் நினைவுச் சில்லு. மற்றொன்று அதை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லு. உன்னிடம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணிப்பொறி கேட்டால், பதில் சொல்வது இரண்டாவது சில்லுதான். அதற்குப் பொய் சொல்லக் கற்பித்துவிட்டால், 32 ஜிகாபைட் இருக்கும் இடத்தில் 2,000 என்று கூசாமல் சொல்லும். கணிப்பொறியும் நம்பும். முதல் 32 ஜிகாபைட் ஒழுங்காகப் பதிவாகும். அதன்பின் வருவது முன்னதன் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமல் போகும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் தொடக்கப் பகுதியில் இருப்பதால் அது மட்டும் பிழைத்து நிற்கும். நம் தொழிலில் சொல்வதானால், 72 படுக்கைகள் உள்ள ஒரு பெட்டிக்கு 4,500 பேருக்கு முன்பதிவுச் சீட்டுக் கொடுத்ததற்குச் சமம் இது. சார்ட்டில் எல்லாருடைய பெயரும் இருக்கும்.

இதைக் கண்டுபிடிப்பது அரிதன்று. எச்2டெஸ்ட்டபிள்யூ என்றும் எஃப்3 என்றும் இலவச மென்பொருள்கள் உள்ளன. அவை பென்டிரைவை முழுவதும் நிரப்பி எழுதி, மீண்டும் படித்துப் பார்த்து, மெய்யான கொள்ளளவைச் சொல்லிவிடும். வாங்கிய அன்றே, அதில் எதையும் ஏற்றுவதற்கு முன், இச்சோதனையைச் செய்ய வேண்டும். திருப்பி அனுப்பும் தவணை பெரும்பாலும் சில நாட்களே என்பதை மறத்தலாகாது.

நிற்க. பென்டிரைவோடு இது முடிவதில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கைப் புதியதென்று விற்பதும் உலகளாவிய தொழிலாகிவிட்டது. 2025 ஜனவரியில், சீகேட் நிறுவனத்தின் பெரிய ஹார்ட் டிஸ்க்குகளைப் புதியவை என்று வாங்கிய ஜெர்மானியர் பலர், அவை முன்பே பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை என்று கண்டனர். ஓடிய நேரத்தைக் காட்டும் சாதாரணக் கணக்கை யாரோ பூஜ்யமாக்கியிருந்தார்கள். ஆனால் அந்த டிஸ்க் தனக்குள் வைத்திருந்த வேறொரு குறிப்பேட்டை அழிக்க மறந்துவிட்டார்கள். ஓராண்டுக்கு 8,760 மணி நேரம்தான். பல்லாயிரம் என்றால் எத்தனை ஆண்டுத் தேய்மானம் என்று அன்பர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். அதே 2025இல் மலேசியாவில், கோலாலம்பூருக்கு அருகே ஒரு கிடங்கைச் சோதித்தபோது, இவ்வாறு வேஷம் மாற்றப்பட்ட டிஸ்க்குகள் ஏறக்குறைய 700 அகப்பட்டன. கிராபிக்ஸ் கார்டுகளின் கதையும் ஏறத்தாழ இதுவே. 2022 செப்டம்பரில் எதீரியம் என்னும் மின்காசுக்குச் சுரங்க முறை நின்றுபோனபின், இரவு பகலாக உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன.

மடிக்கணினியில் நடப்பது இன்னும் நுட்பமான வித்தை. அங்கே பொய்யே சொல்லவேண்டியதில்லை. பாதி உண்மை போதும். 'ஐ7 சில்லு, 16 ஜிபி ரேம், 14,999 ரூபாய்' என்று போடுவார்கள். ஐ7 என்பது மெய்தான். எந்தத் தலைமுறை ஐ7 என்பதைச் சிறிய எழுத்தில் எங்கோ போட்டிருப்பார்கள், அல்லது போடாமலே விட்டிருப்பார்கள். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு பொதுவாக நின்றன. விண்டோஸ் 11 முறைப்படி இயங்க வேண்டுமாயின், இன்டெல் சில்லு பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருத்தல் வேண்டும். ஆகவே அலுவலகங்கள் கழித்துவிட்ட மூன்றாம், நான்காம் தலைமுறைக் கணினிகள் துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டு இப்போது நம் பிள்ளைகளைத் தேடி வருகின்றன. பழைய கணினி வாங்குவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. பழையது என்று சொல்லி, பில்லும் ஆறு மாத உத்தரவாதமும் கொடுத்து விற்கும் நேர்மையான கடைகள் உண்டு. எளிய குடும்பத்துக்கு அதுவே தக்கதாகவும் இருக்கும். பழையது என்பதை மறைத்து விற்பதுதான் குற்றம்.

சார்ஜரைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் மேல் பி.ஐ.எஸ். முத்திரையும் ஆர் என்று தொடங்கும் எண்ணும் இருக்கவேண்டும், பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணை இட்டுப் பார்க்கலாம். எண் இல்லாத சார்ஜரைப் பிள்ளைகள் தூங்கும் அறையில் செருகிவைக்க வேண்டாம்.

சரக்கே வராத கதைகளும் உண்டு. 2016 பிப்ரவரியில் நொய்டாவிலிருந்து 251 ரூபாய்க்குக் கைப்பேசி என்று 'ஃப்ரீடம் 251' விளம்பரம் வந்தபோது, நாடே முண்டியடித்தது. சொன்ன எண்ணிக்கையில் பேசிகள் வந்து சேரவில்லை. மறு ஆண்டு பிப்ரவரியில் நிறுவனத்தின் இயக்குநர் கைது செய்யப்பட்டார். அதையாவது ஒரு முகவரி உள்ள நிறுவனம் செய்தது. இப்போதோ, பேர்பெற்ற அங்காடியின் முகப்பைப் போலவே பக்கம் அமைத்து, ஒரு வாரம் பணம் திரட்டிவிட்டு மறைந்துவிடுகிறார்கள். 'பணம் திரும்ப வரவேண்டுமாயின் இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்' என்று பிறகு ஒரு குரல் வேறு பேசும். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அதைக் கேட்பவன் எடுக்கத்தான் கேட்கிறான்.

பெரிய அங்காடியில் வாங்கினால் பயமில்லையா என்று சிலர் கேட்பர். நம் கேரளத்திலேயே, வடக்குப் பரவூரைச் சேர்ந்த ஒரு மாணவர் 2021 ஜூனில் 1 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய்க்கு மடிக்கணினி வாங்க, பெட்டிக்குள் கழிவுக் காகிதம் இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஆலுவாயைச் சேர்ந்த ஒருவருக்கு, 70,900 ரூபாய் ஐபோனுக்குப் பதிலாகப் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் ஓர் ஐந்து ரூபாய் நாணயமும் வந்தன. எர்ணாகுளம் ரூரல் போலீசார் தலையிட்டபின் இருவருக்கும் பணம் திரும்பியது. 2022 தீபாவளி விற்பனையில் மங்களூர்க்காரர் ஒருவருக்கு மடிக்கணினிப் பெட்டியில் கல் வந்தது. அவருக்கும் பணம் கிடைத்தது. இவற்றில் நாம் கவனிக்கவேண்டியது, பணம் திரும்பியது என்பதே. பின்னால் நின்று பதில் சொல்ல ஒரு நிறுவனம் இருந்தது; கையில் ரசீது இருந்தது. ஆலுவாய்க்காரர் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்திருந்தார்.

ரயில்வேயில் இதற்கு ஒரு முறை உண்டு. பெட்டி உடைந்தோ, கைபட்ட அடையாளத்தோடோ வந்தால், பெறுபவர் 'ஓப்பன் டெலிவரி' கேட்கலாம். சிப்பந்தியின் முன்னிலையில் பிரித்து, உள்ளதை எழுதிக்கொண்டு ஒப்படைக்கவேண்டும். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 81ஆம் பிரிவு அது. இணைய அங்காடிகளும் இப்போது விலையுயர்ந்த சில பொருள்களுக்குப் பெட்டியைத் திறந்து காட்டிக் கொடுக்கும் முறையை வைத்துள்ளன. அவ்வாறு கிடைக்குமாயின் கட்டாயம் கேளுங்கள். உள்ளே பார்த்த பின்பே ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள். கொண்டுவரும் பையன் அவசரப்படுவான். அவனுக்கு இன்னும் நாற்பது வீடுகள் இருக்கும். அவனிடம் கோபிக்காமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் நில்லுங்கள்.

நம் எல்லைப்புறக் கிராமங்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். அமரவிளையில் விற்பனை வரிச் சாவடி இருந்த காலத்தில், எல்லை கடக்கும் சரக்குக்குப் பில் எங்கே என்று கேட்க ஓர் ஆள் இருந்தான். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் அக்கேள்வி அங்கே நின்றது. இனி அதை நாமேதான் கேட்கவேண்டும். நம்மில் பலருக்கு வீடு பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ. கடையும் உறவும் களியக்காவிளையிலும் மார்த்தாண்டத்திலும். பகலில் வீட்டில் ஆள் இல்லை என்று, மைத்துனர் கடை முகவரிக்குப் பார்சலை வரவழைக்கிறோம். பணம் ஒருவர் கணக்கிலிருந்து, பில் மற்றொருவர் பெயரில், பொருள் மூன்றாமவர் கையில். பிறகு புகார் எழுத உட்கார்ந்தால், வாங்கியவர் யார் என்பதிலேயே தகராறு. பில் வேண்டாமென்றால் விலை குறையும் என்று சொல்பவரிடம் வாங்குவதோ, உத்தரவாதத்தையும் சேர்த்து அவருக்கே இனாம் கொடுப்பதாகும்.

புகார் என்றதும், விற்றவன் டில்லியில் இருக்கிறானே, டில்லிக்கா போவது என்று சோர்ந்துவிடுகிறோம். அந்த நிலை மாறிவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின், வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். வீடு பாறசாலையில் என்றால் திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். களியக்காவிளையில் என்றால் கன்னியாகுமரி மாவட்ட ஆணையம். ஐந்து லட்ச ரூபாய் வரை பெறுமானமுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டாண்டுக்குள் கொடுக்கவேண்டும். அதற்கு முன், 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, அங்காடியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம். அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்தில் தீர்க்கவும் கடமைப்பட்டவர். அவ்வதிகாரியின் பெயரும் முகவரியும் பக்கத்தில் இல்லையெனில், அந்தக் கடையில் வாங்காதிருப்பதே நலம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம். பணமே களவு போயிருந்தால் 1930க்கு உடனே, அன்றே, பேசவேண்டும். பணம் கைமாறுவதற்குள் நிறுத்த அதுவே வழி.

குறைந்துகொண்டே வரும் அந்தக் கடிகாரத்தைப் பற்றியும் ஒன்று சொல்வோம். பொய்யான அவசரத்தை உண்டாக்குவது, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுத்த பதின்மூன்று தந்திரங்களுள் ஒன்று. நாம் பின்னர் ஒருநாள் வேறொரு பக்கத்தில் அதே போன்ற கடிகாரம் பூஜ்யத்துக்கு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். பூஜ்யம் வந்தது; மறுபடியும் பதினைந்து நிமிஷத்திலிருந்து தொடங்கியது.

சென்ற மாதம் உதியன்குளங்கரையில் தையற்கடை வைத்திருக்கும் நம் சங்க அன்பர் ஒருவர், பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கும் மகளோடு வந்தார். கையில் அதே '14,999 ரூபாய் ஐ7' விளம்பரம். சில்லின் எண்ணைப் பார்த்தோம். மூன்றில் தொடங்கியது, மூன்றாம் தலைமுறை. மறுநாள் மூவரும் நெய்யாற்றின்கரைக் கடை ஒன்றுக்குப் போனோம். அங்கே கேட்ட விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. அன்பர் நம் முகத்தைப் பார்த்தார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. தவணையில் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். பெட்டியைப் பிரித்து, சில்லின் தலைமுறை, ரேம், டிஸ்க்கின் ஓடிய நேரம் எல்லாவற்றையும் அந்தப் பெண்ணே திரையில் பார்த்துக் குறித்துக்கொண்டாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாம் பிடிக்கவேண்டிய பாசஞ்சர் வண்டி போய்விட்டது. கடைக்காரர் பில்லில் கணினியின் வரிசை எண்ணைத் தம் கையாலேயே எழுதி முத்திரை வைத்தார்.

திரும்பி வந்ததும், அன்பர் அந்தப் பில்லைத் தையற்கடையின் ரசீதுக் கம்பியில் குத்தப் போனார். மகள் அதை அவர் கையிலிருந்து வாங்கி, மடித்து, தன் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.