முதல் நிமிடமே முக்கியம்!

மாணவச் செல்வங்களே! பள்ளி விழாவுக்குக் குறும்படம் எடுக்க ஆசையா? அப்படியானால், முதலில் ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

ஓய்வு பெற்ற பின், ஒரு பள்ளியில் நடந்த குறும்படப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தெருக்குழாயில் தண்ணீர் வராத கஷ்டத்தைப் படமாக்கி இருந்தாள். நல்ல கதை. ஆனால், முதல் 2 நிமிடம் வெறும் பெயர்களே ஓடின. பிறகு அலாரம் அடித்தது; சிறுமி எழுந்தாள்; பல் தேய்த்தாள்; தலை சீவினாள். அதற்குள் அரங்கில் ஒரே பேச்சுச் சத்தம்! அவள் குடத்தோடு தெருவுக்கு வந்தபோது, யாரும் திரையைப் பார்க்கவில்லை. படம் எடுத்த மாணவியின் கண்கள் கலங்கிவிட்டன.

வகுப்பறையிலும் இப்படித்தான். முதல் சில நிமிடங்களில் மாணவர் மனதைப் பிடிக்காவிட்டால், அன்றைய பாடம் போச்சு!

ஈரான் நாட்டு இயக்குனர் அப்பாஸ் கியரோஸ்தமியைத் தெரியுமா? 1997ல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்றவர். அவரது முதல் படம், 1970ல் வெளியான, 'ரொட்டியும் சந்தும்'. சுமார் 10 நிமிடம்தான்.

ஒரு சிறுவன் ரொட்டியோடு சந்து வழியே வீட்டுக்கு நடக்கிறான். காலால் எதையோ உதைத்து விளையாடியபடி, உற்சாகமாக வருகிறான். திடீரென ஒரு நாய் குரைத்து வழியை மறிக்கிறது!

அவ்வளவுதான். யாரும் எதையும் விளக்கவில்லை. ஆனாலும் அவன் யார், எங்கே போகிறான், என்ன தடை என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. அவனைச் சந்தோஷமாகப் பார்த்ததால்தான், அவன் பயம் நம்மையும் தொற்றிக்கொள்கிறது. அவன் எப்படித் தப்பித்தான்? படத்தைத் தேடிப் பாருங்கள்!

நீங்கள் செய்ய வேண்டியவை:

* கதாநாயகனுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது? படம் எடுக்கும் முன் இரண்டு வரியில் எழுதுங்கள்.

* வாயால் சொல்லாமல், கண்ணால் காட்டுங்கள்.

* பெயர்களைப் படத்தின் கடைசியில் போடுங்கள்.

* முதல் நிமிடத்தை மட்டும் கதை தெரியாத நண்பனுக்குக் காட்டி, 'என்ன புரிந்தது?' என்று கேளுங்கள். அவன் விழித்தால், மாற்றி அமையுங்கள்.

அந்த மாணவிக்கும் இதையேதான் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொடக்கத்தை வெட்டி மாற்றினாள். இப்போது படம் இப்படி ஆரம்பித்தது...

'டொக்!' காலிக் குடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். பின்னால் நீண்ட குட வரிசை. அதன் கடைசியில், தோளில் புத்தகப் பையோடு ஒரு சிறுமி. தூரத்தில் பள்ளி மணி அடிக்கிறது!

மறுவாரம் அதே அரங்கில் மீண்டும் திரையிட்டார்கள். குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி!

கதை மாறவில்லை; தொடக்கம்தான் மாறியது. உங்கள் படத்தின் முதல் காட்சி என்ன? இன்றே யோசியுங்கள், செல்லங்களே!