பாப்பாவுக்குத் தூக்க மருந்து வேண்டாம்... பழக்கம் போதும்!

"ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு இருக்கு டாக்டர். தூங்கறதுக்கு ஏதாவது சூரணம் இருந்தா குடுங்களேன்!"

கைக்குழந்தையோடு வரும் அம்மாக்கள் சித்த வைத்தியர்களிடம் அடிக்கடி கேட்பது இது. 'நாட்டு மருந்துதானே, என்ன கெடுதல் பண்ணிடும்' என்ற நம்பிக்கை! முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான குழந்தைக்குத் தூக்கத்துக்கென்று எந்த மருந்தும் தேவையில்லை. சித்த மருந்தும்தான்!

ஆனால், பல வீடுகளில் நடப்பது என்ன? ஜாதிக்காயை உரைத்துப் பாலில் கலக்கிறார்கள். சுட்ட வசம்பை உரைத்து நாக்கில் தடவுகிறார்கள். வசம்புக்கு 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் இருப்பது வாஸ்தவம்தான். ஆனால், அதில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருளும் இருக்கிறது. ஜாதிக்காய் அதிகமானால் மயக்கமும் படபடப்பும் வரும். கல்லில் உரைப்பதை யார் அளந்து பார்க்கிறார்கள்? அதோடு, 6 மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் குழந்தைக்கு வேண்டாம்.

இன்னும் சிலர், வீட்டில் கிடக்கும் இருமல் சிரப்பில் அரை ஸ்பூன் ஊற்றிவிடுகிறார்கள். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதித் தரக்கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் டாக்டர்களுக்கே அறிவுறுத்தியது. மருந்தில் மயங்கிக் கிடப்பது தூக்கம் அல்ல!

ஏன் விழிக்கிறது?

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால், துண்டு துண்டாகத்தான். வயிறு சின்னது, அடிக்கடி பசிக்கும். இரவு பகல் வித்தியாசம் பிடிபடவே 2, 3 மாதம் ஆகும். அதுவரை பொறுமைதான் மருந்து. 4 மாதத்துக்கு மேல் மெள்ளப் பழக்கலாம்.

எப்படிப் பழக்குவது?

பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் வர விடுங்கள். மிக்ஸி, குக்கர் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். இரவிலோ மங்கலான விளக்குதான். நடுராத்திரியில் பால் கொடுக்கும்போது பேச்சும் கொஞ்சலும் வேண்டாம்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் படுக்க வைக்கத் தயார் செய்யுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைப்பது, உடை மாற்றுவது, பால், பிறகு ஒரு தாலாட்டு. மொத்தமே அரை மணி நேரம். ஆபீஸிலிருந்து லேட்டாக வரும் அப்பா, தூங்கப்போகும் பிள்ளையைத் தூக்கிப் போட்டு விளையாட வேண்டாம். அந்த ஆட்டம் காலையில் இருக்கட்டும்!

முக்கியமான விஷயம், தூளி. குழந்தையின் தூக்கம் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை லேசாகும். ஆட்டி ஆட்டியே தூங்கின குழந்தை, கண் திறக்கும்போது ஆட்டம் இல்லையே என்று அழுகிறது. அதனால் கண் சொருகும்போதே கீழே மல்லாக்கப் படுக்க வைத்துத் தட்டிக் கொடுங்கள். ஆட்டும் நேரத்தை நாளுக்கு நாள் குறையுங்கள். முகத்தருகே தலையணை, கனமான போர்வை கூடாது.

சிணுங்கினதும் பாய்ந்து தூக்காதீர்கள். ஒரு நிமிஷம் கவனியுங்கள். தூக்கத்திலேயே முனகுவதும் உண்டு. அழுகை பெரிதானால் உடனே போங்கள். அமெரிக்க டாக்டர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985-ல் எழுதிய புத்தகத்தில், காத்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்கிறார். எல்லோரும் ஒரே அறையில் படுக்கும் நம் வீடுகளுக்கு அந்த ஒரு நிமிஷமே போதும். 'அழுது அழுது தானா தூங்கட்டும்' என்று கைக்குழந்தையை விட்டுவிடக் கூடாது.

அம்மா ஒரு மாதிரி, பாட்டி ஒரு மாதிரி என்றால் குழந்தை குழம்பிப்போகும். வீட்டில் எல்லோரும் பேசி ஒரே முறையைப் பிடியுங்கள். ஒன்றிரண்டு வாரம் பொறுத்திருங்கள்.

எப்போது டாக்டர்?

காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, மூச்சுத் திணறல், எடை ஏறாமலிருப்பது... இவை இருந்தால் குழந்தை டாக்டரைப் பாருங்கள். எதையாவது உரைத்துக் கொடுத்த பிறகு குழந்தை துவண்டு, எழுப்பினாலும் எழாவிட்டால், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். அந்த ஒரு தகவல்தான் சிகிச்சைக்கு உதவும்.

வசம்பு அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கட்டும். இன்று ராத்திரி எட்டு மணிக்கே டி.வி.யை அணைத்துப் பாருங்களேன்!