முதல் ரைஃபிள்: போல்ட் ஆக்‌ஷனா, ஏர் ரைஃபிளா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில். அதைப் பார்த்து போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கும் ஆசை வந்துவிட்டதா? கொஞ்சம் பொறுங்க. .22 ரைஃபிளுக்கு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கட்டாயம். வயது 21 ஆகியிருக்க வேண்டும். திருத்தணிக்காரர் என்றால் லைசென்ஸ் தருவது திருவள்ளூர் கலெக்டர். அதற்கு முன் போலீஸ் விசாரணையும் உண்டு.

அதனால் .177 ஏர் ரைஃபிளில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். வேகத்திறன் 20 ஜூலைத் தாண்டாவிட்டால் லைசென்ஸ் தேவையில்லை. அந்த அளவை பில்லிலேயே எழுதி வாங்கிடுங்க. ‘வெறும் 10 மீட்டர்தானே’ என்று நினைத்துவிட வேண்டாம். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், இதில் வெறும் அரை மில்லிமீட்டர்! 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் ஏர் ரைஃபிளில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனின் களமும் அதுவே.

பிராண்டைவிட முக்கியம், தோளில் பதியும் கட்டையின் நீளமும் கன்னம் வைக்கும் உயரமும் உங்கள் உடம்புக்கு ஏற்ப அட்ஜஸ்ட் ஆவது. முதலில் கிளப் ரைஃபிளில் சுட்டுப் பாருங்க. பிறகு கடைக்குப் போகலாம்.