மைசூர்ச் சந்தன எண்ணெயும் குளிர்ந்த தண்ணீரும்

இட்லிக் குண்டான் மூடியைத் தூக்கினால் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும். அடுப்பு ஆவியாக்கியதை மூடியின் குளிர்ச்சி மறுபடி தண்ணீராக்கிவிட்டது. சித்த மருத்துவத்தில் தீநீர் இறக்கும் வாலை என்ற வடிகலனும் மைசூரின் சந்தன எண்ணெய் ஆலையும் செய்வது இந்த மூடியின் வேலையைத்தான். காய்ச்சி வடிப்பது என்றதும் எல்லோருக்கும் நெருப்புதான் நினைவுக்கு வருகிறது. என்னைக் கேட்டால், பாதிக்கு மேல் கைத்திறன் குளிர்விப்பதில் இருக்கிறது.

முதல் உலகப் போருக்கு முன்பு மைசூர்ச் சந்தனக் கட்டையின் பெரும்பகுதி கப்பலேறி ஐரோப்பாவில் எண்ணெயானது. 1914-ல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டு, கட்டைகள் இங்கேயே தேங்கின. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சட்பரோவும் வாட்சனும் எண்ணெயை இங்கேயே இறக்கிக் காட்டினார்கள். அப்போது மைசூரில் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சி, விசுவேசுவரய்யா திவான். 1916-ல் பெங்களூரிலும் அடுத்து மைசூரிலும் ஆலை எழுந்தது.

சந்தன மணத்தின் உயிர் சாண்டலால் என்ற சேர்மம். அது தனியாகக் கொதிக்க ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் மணம் கருகிப்போகும். மரத்தூளுக்குள் நீராவியை விட்டால் கதை வேறு. ஒன்றோடொன்று கலக்காத நீரும் எண்ணெயும் தத்தம் ஆவியழுத்தத்தைச் சேர்த்துக் காற்றழுத்தத்தை எட்டினால் போதும், இரண்டும் சேர்ந்தே கிளம்பும். மைசூர் கடல்மட்டத்துக்குச் சுமார் 760 மீட்டர் மேலே இருப்பதால், அங்கே தண்ணீரே 97.5 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். ஆனால் சாண்டலால் ஆவியாவது மிகச் சொற்பம். கொஞ்சம் எண்ணெய்க்கு ஏராளமான நீராவியை மணிக்கணக்கில் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

அத்தனை ஆவியையும் குளிர்வித்தாக வேண்டும். ஒரு கிலோ நீராவி தண்ணீராகும்போது 540 கிலோகலோரி வெப்பத்தை விடுகிறது. 27 டிகிரியில் நுழையும் குளிர்நீர் 57 டிகிரியில் வெளியேறினால், லிட்டருக்கு 30 கிலோகலோரியைச் சுமந்து போகும். ஆக, ஒரு கிலோ ஆவிக்கு 18 லிட்டர்! ஆவி மேலிருந்து இறங்க, தண்ணீர் கீழிருந்து ஏற வேண்டும். அப்போதுதான் மிஞ்சிய கடைசி ஆவி மீதும் புதுத் தண்ணீரின் குளிர்ச்சி படும். தண்ணீர் குறைந்தால் குழாய் வாயில் வெண்புகை கிளம்பி அறையே கமகமக்கும். அந்த மணம் நஷ்டத்தின் மணம்.

அதற்காக ஜில்லென்று ஆக்கவும் கூடாது. சந்தன எண்ணெய் குழகுழப்பானது. அதன் அடர்த்தியும் தண்ணீரை ஒட்டி, 0.97 அளவில் இருக்கிறது. வெதுவெதுப்பாக இறங்கினால் எண்ணெய் இளகி, தண்ணீரைவிட அதிகமாக விரிந்து, மேலே மிதந்து பிரியும். மிகவும் குளிர்ந்துவிட்டால் துளிகள் பிரிய மனமில்லாமல் தண்ணீருக்குள்ளேயே தங்கிவிடும்.

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் ரோஜா அத்தருக்கு மணத்தைப் பிடித்துவைக்கக் காலங்காலமாகச் சந்தன எண்ணெயைத்தான் நம்பினார்கள். செம்பு அண்டாவிலிருந்து மூங்கில் குழாய் வழியே வரும் ஆவி, தொட்டித் தண்ணீரில் அமிழ்ந்திருக்கும் பப்கா என்ற செம்புக் குடத்தில் இறங்கும். குடத்தில் முன்பே ஊற்றிய சந்தன எண்ணெய் மணத்தை வாங்கிக்கொள்ளும். தெர்மாமீட்டர் கிடையாது. தொழிலாளி தண்ணீருக்குள் கையை விட்டுக் குடத்தின் வயிற்றைத் தடவிப் பார்த்தே எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பிறகு ஈரத்துணியால் அண்டாவை ஒற்றி ஆவியை அடக்கி, அடுத்த குடத்தை மாட்டுவார்.